அழித்தெழுதுவோர்க்கு ஒரு மறுப்பு

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதராசரையும் கண்டு, ஒரு பட்டுக்கடைக்குள் புகுந்து, வெளியே வந்ததும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். நகரின் தென்மேற்கே, வேகவதிக் கரையில் இருக்கிற திருப்பருத்திக்குன்றத்தை, அதாவது பழைய சினகாஞ்சியை, எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலர். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் உண்டு. விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி 1387ஆம் ஆண்டளவில் கட்டுவித்தது. அதன் விதானத்தில் ரிஷபநாதரும் வர்த்தமானரும் நேமிநாதரும் கண்ணனும் வரிசை வரிசையாகத் தம் கதைகளை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஓவியங்களின் கீழே தமிழில் விளக்கக் குறிப்புகளும் எழுதப்பட்டுள்ளன.

இவ்வோவியங்கள் ஒரே காலத்தவை அல்ல. பழைய அடுக்கின் மேல் பிற்காலத்தார் புதிதாக எழுதியிருக்கிறார்கள். முதல் அடுக்கில் எஞ்சியவை சில துணுக்குகளே. யார், எந்த ஆண்டில், எதற்காக, எதன் மேல் எழுதினார் என்பது சுவரில் இல்லை. 1934இல் டி. என். இராமச்சந்திரன் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக இக்கோயில்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, காட்சி காட்சியாகப் பதிவு செய்து வைத்தார். அந்த ஆண்டில் அங்கே என்ன இருந்தது என்று இன்று நாம் சொல்ல முடிவது அந்தப் பதிவால். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும்.

ஓவியத்தைப் பற்றிப் பேச இக்கட்டுரையை எழுதவில்லை. கணினி நிரல் எழுதுகிறவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட இரண்டு ஒழுக்கங்களைப் பற்றிப் பேச வந்தோம். ஒன்று, நிரலை எப்படி எழுதி அடுக்குவது என்கிற நடை ஒழுங்கு. மற்றது, செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் தேதியோடும் பெயரோடும் காரணத்தோடும் பதிந்துவைக்கிற பதிப்புக் கட்டுப்பாடு. "இலக்கியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு?" என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: இந்த இரண்டையும் மதிக்காத காரணத்தால் தமிழ் மின்னுரைகள் ஏற்கெனவே அந்தச் சுவர் போல ஆகிக்கொண்டிருக்கின்றன. பூசுகிறவர்கள் வேற்று நாட்டார் அல்லர், நாமேதான்.

எங்கள் குற்றத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய உரைநூலை மின்னுரையாக்க முனைந்தோம். அச்சுப்பிரதி கடன் வாங்கியது. பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்து ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிக்கொண்டோம். கோப்புகளுக்கு முதலில் 'இறுதி' என்றும், பின்னர் 'இறுதி 2' என்றும், அதற்கும் பின்னர் 'மெய்யான இறுதி' என்றும் பெயர் வைத்தோம். எங்களில் ஒருவர் 'வேண்டா' என்ற வடிவத்தை அச்சுப்பிழை என்று கருதிக்கொண்டு, ஒரே சொடுக்கில் நூல் முழுவதும் 'வேண்டாம்' என்று மாற்றிவிட்டார். 'வேண்டாத' என்பது 'வேண்டாம்த' ஆயிற்று. 'வேண்டாமை' என்பது 'வேண்டாம்மை' ஆயிற்று. இன்னொருவர் இவற்றைக் கண்டு திடுக்கிட்டு, கண்ணில் பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினார். இலக்கணப்படி முற்றிலும் சரியான 'வேண்டா' என்ற பழைய வடிவம் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் 'வேண்டாம்' குடியேறிவிட்டது. பார்க்கையில் பிழையாகத் தோன்றாததால் அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாண்டு கழித்து நாங்கள் அதை உணர்ந்தபோது அச்சுப்பிரதி உடையவரிடம் திரும்பிப் போயிருந்தது. கேட்டபோது, பூச்சி அரித்து எறிந்தாகிவிட்டது என்றார். முந்தைய கோப்புகளையும் 'இடம் அடைக்கிறது' என்று அழித்துவிட்டிருந்தோம். மாற்றியவர் யார் என்று இன்றுவரை நால்வருமே ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையில் நால்வருக்குமே நினைவில்லை என்பதுதான் கொடுமை.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது இலக்கிய நண்பர் ஒருவர் சிரித்தார். "ஒரு மகரமெய்தானே!" என்றார். மென்பொருள் துறையில் இருக்கிற வேறொரு நண்பர் அதனினும் மோசமாக ஒன்று சொன்னார்: "மாற்றத்துக்கெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டிருப்பது குமாஸ்தா வேலை. இறுதி வடிவம் ஒழுங்காக இருந்தால் போதாதா?" இந்த இருவருக்குமான பதில்தான் இக்கட்டுரை.

இறுதி வடிவம் போதும் என்கிற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவருக்கு வேண்டியிருந்ததும் ஓர் இறுதி வடிவம்தான். ஆயினும் ஒரே ஒரு சுவடியை எடுத்து, பிடித்தபடி திருத்தி, 'இதுவே சிந்தாமணி' என்று அவர் நீட்டிவிடவில்லை. பல சுவடிகளைத் தேடித் திரட்டினார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சைன அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஒன்றை மூலத்தில் ஏற்றபோது மற்றதைத் தூக்கி எறியாமல் பிரதிபேதமாகக் காட்டுவது அவர் பதிப்புகளின் வழக்கம். அவருடைய தேர்வு தவறென்று நாளை ஒருவர் கருதினால், வாதாடுவதற்கான பொருளையும் அவரே தந்துவிட்டுப் போயிருக்கிறார். பதிப்பாசிரியரின் நேர்மை என்பது அதுவே. தன்னை மறுப்பதற்கான சான்றைத் தானே பாதுகாத்து வைப்பது.

அச்சு உலகில் இதற்கு இன்னொரு துணையும் இருந்தது. இரண்டாம் பதிப்பு வந்தபின்னும் முதற்பதிப்பு ஏதோ ஒரு நூலகத்தின் அடுக்கில் இருந்துகொண்டேயிருக்கும். பதிப்பாசிரியர் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. மின்கோப்பின் தன்மை நேர்மாறானது. புதியதைச் சேமித்த கணமே பழையது இல்லாமற் போகிறது. காகிதம் தன்னியல்பாகச் செய்துவந்ததை இங்கே நாம் முயன்று செய்தாக வேண்டும். நிரலாளர்கள் இதை நமக்கு வெகு முன்னரே உணர்ந்தார்கள். பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் மூலநிரல் மாற்றங்களைப் பதியும் கருவியைச் செய்தார். 1980களில் ஆர்.சி.எஸ்., பிறகு சி.வி.எஸ்., 2000த்தில் தொடங்கிய சப்வெர்ஷன் எனத் தொடர்ந்து, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட் வரை அந்த மரபு வந்திருக்கிறது. லினக்ஸ் கருநிரலுக்கு அதுவரை பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதே கிட் பிறந்த கதை. நம்முடைய வரலாற்றுப் பதிவை இன்னொருவர் பூட்டிய பெட்டியில் வைக்கலாகாது என்ற பாடமும் அதற்குள் இருக்கிறது.

கிட் என்ன செய்கிறது? கோப்பின் நிலையையும், அதற்கு முந்தைய நிலையையும், மாற்றியவர் பெயரையும், நேரத்தையும், அவர் எழுதிய குறிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணை அளிக்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு பதிவும் தன் முந்தைய பதிவின் எண்ணைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆகவே நடுவில் ஒன்றை யாரேனும் மாற்றினால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் மாறிவிடும். படி வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். இது இன்னொருவர் அறியாமல் சுவரில் வெள்ளையடிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு.

இனி, 'ஒரு மகரமெய்தானே' என்ற நண்பருக்கு. நிரலாளர்களின் நடை ஒழுங்கு பற்றிய சண்டைகளைக் கேட்டால் அவர் இன்னும் உரக்கச் சிரிப்பார். வரியின் முன்னால் எத்தனை வெற்றிடம் விடுவது என்பதற்கு உலகமெங்கும் அடித்துக்கொள்கிறார்கள். லினக்ஸ் கருநிரலின் நடை ஏடு எட்டெழுத்து அகலத் தாவலை வற்புறுத்துகிறது. 2001இல் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் பெப் 8 என்னும் ஏடு நான்கு வெற்றிடம் என்கிறது. கோ மொழிக்காரர்கள் இந்தச் சண்டையே வேண்டாம் என்று மொழியோடு சேர்த்து ஓர் அடுக்குக் கருவியையும் கொடுத்துவிட்டார்கள். இதில் எது அழகு என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எதைத் தேர்ந்தாலும் எல்லோரும் ஒன்றையே பின்பற்றுவது என்பதுதான் இதன் சாரம். ஏன்? ஒழுங்கு ஒன்றாக இருந்தால்தான் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது மெய்யான மாற்றம் மட்டும் கண்ணில் படும். ஆளுக்கொரு வெற்றிடம் வைத்தால் ஆயிரம் வரி மாறியதாகக் கருவி காட்டும். அந்த ஆயிரத்துக்குள் ஒரு பிழை, அல்லது ஒரு வஞ்சகம், வசதியாக ஒளிந்துகொள்ளும்.

ஆகவேதான் நல்ல திறமூலத் திட்டங்களில் ஒரு விதியை விடாப்பிடியாகக் காக்கிறார்கள்: அடுக்கு மாற்றத்தையும் பொருள் மாற்றத்தையும் ஒரே பதிவில் கலக்காதே. அழகுபடுத்துவதாயின் அதைத் தனியே செய்து, 'இது அழகுபடுத்தல் மட்டுமே' என்று எழுது. வரி வரியாக யார் எழுதினார் என்று தேடும்போது இத்தகைய அழகுபடுத்தல் பதிவுகளைத் தாண்டிச் செல்வதற்கு 2019இல் கிட்டிலேயே ஒரு வசதி சேர்க்கப்பட்டது. இந்த ஒரு விதியை மட்டும் தமிழ் மின்னுரைக்காரர்கள் கைக்கொண்டிருந்தால் எவ்வளவோ நூல்கள் தப்பியிருக்கும்.

நம் வழக்கம் என்ன? பழைய நூல் ஒன்றைக் கையிலெடுக்கிறோம். சீர் பிரிக்கிறோம், அல்லது சந்தி பிரிக்கிறோம். 1978இன் எழுத்துச் சீர்திருத்தப்படி ணா, றா, னா, லை முதலியவற்றை மாற்றுகிறோம். நிறுத்தற்குறி இடுகிறோம். அச்சுப்பிழை என்று தோன்றுவதைத் திருத்துகிறோம். இவை நான்கும் வேறு வேறு தன்மையுடைய செயல்கள். எழுத்துருவை மாற்றுவது இயந்திரமும் செய்யக்கூடியது. சந்தி பிரிப்பதோ உரை எழுதுவதற்கு ஒப்பானது. ஓரிடத்தில் பிரித்தால் ஒரு பொருள், வேறிடத்தில் பிரித்தால் வேறொரு பொருள். அச்சுப்பிழை திருத்துவது முழுக்க முழுக்கப் பதிப்பாசிரியரின் தீர்ப்பு. இவற்றை ஒரே அமர்வில் ஒன்றாகக் குழைத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒற்றைச் சொல்லால் முத்திரை குத்துகிறோம். மூலம் எது, உரை எது, தீர்ப்பு எது என்று பிரித்தறிய வழியில்லாத ஒன்றைத்தான் அடுத்த தலைமுறைக்கு நூல் என்று கொடுக்கிறோம்.

தமிழ் எழுத்தின் கணினி வாழ்விலும் நடை ஒழுங்கு இல்லாமல் ஓரடி நகர முடியாது. 'கொ' என்ற எழுத்தில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம்; எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் கருவிக்கோ இரண்டும் வெவ்வேறு. 'ஔ' என்று ஒரே எழுத்தாக இட வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவைத்தவர்கள் ஏராளம். தமிழ் எண் ஒன்றும் ககரமும், எண் ஏழும் எகரமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தேடினால் கிடைக்காத சொற்களும், அகரவரிசையில் இடம் மாறி நிற்கும் சொற்களும் இப்படித்தான் உண்டாகின்றன. ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன்பே 'இந்த எழுத்தை இப்படித்தான் இடுவோம்' என்று ஒரு பக்க அளவில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்த ஒரு பக்கத்தைத்தான் நிரலாளர்கள் நடை ஏடு என்கிறார்கள்.

காஞ்சியில் இருந்துகொண்டு இதைத் தறியின் மொழியில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜக்கார்டு தறியில் பூவேலைக்கான துளையட்டைகள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. புட்டாவில் ஒரு வரி பிசகினால் அந்த வரிக்குரிய அட்டையை மட்டும் மாற்றினால் போதும். கிட்டும் அப்படியே வரி வரியாகத்தான் பார்க்கிறது. செய்யுளை அடிக்கொரு வரியாக இட்டால் ஓரடியின் திருத்தம் ஓரடியாகவே தெரியும். உரைநடையில் பத்தி முழுவதையும் ஒரே நீள வரியாக இட்டுவைத்தால் ஒரு கால்புள்ளி மாறினாலும் பத்தி முழுதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கொரு வரி என்று வைத்தால் தீர்ந்தது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. இரண்டும் சேருமிடத்தில் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். இருவர் திருத்திய இரு படிகளை இணைப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். நெசவாளர் இரண்டு துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டு 'இறுதி' என்று பெயர் வைப்பதில்லை.

எதிர்வாதங்களை நாங்கள் அறியாமல் இல்லை. முதலாவது: "தன்னார்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் செய்கிற தொண்டு இது. அவர்கள் மேல் விதிகளைச் சுமத்தினால் ஓடிவிடுவார்கள்." இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் லினக்ஸும் பைத்தானும் பெருமளவு தன்னார்வத்தில்தான் வளரத் தொடங்கின. விதிகள் அவர்களை விரட்டவில்லை. தன் உழைப்பு பெயரோடும் நாளோடும் நிலைத்திருக்கும், இன்னொருவர் அறியாமையால் அழிந்துவிடாது என்ற உறுதிதான் ஒருவரை நெடுநாள் உழைக்க வைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை ஒவ்வொரு மின்னுரையின் தலைப்பிலும் இட்டுவந்திருக்கிறது. அது வணக்கத்துக்குரிய மரபு. நாங்கள் கேட்பது அதன் அடுத்த படி: யார் செய்தார் என்பதோடு, என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதும். தமிழ் விக்கிமூலத்தில் அச்சுப்பக்கத்தின் படமும் தட்டச்சு செய்த உரையும் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் உழைப்பவர்கள் தன்னார்வலர்களே.

இரண்டாவது: "இதெல்லாம் மென்பொருள்காரர்களின் கருவி. தமிழாசிரியருக்கும் கவிஞருக்கும் எட்டாது." இதைச் சொல்கிறவர்கள் காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருப்பதையும், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்குவதற்காகக் கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் வருவதையும் அறியாதவர்கள். கிட்டைப் பற்றித் தமிழில் படிக்க முடியும். குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை இயல்பாக எண்களின் கோவையாகக் காட்டிப் பயமுறுத்தும். ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும். சுவடியின் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட தமிழாசிரியருக்கு இது மலையா?

மூன்றாவது வாதம் எதிர்த் திசையிலிருந்து வருவது. நாங்கள் அதிகம் அஞ்சுவதும் அதையே. பதிவுகளைத் 'தூய்மைப்படுத்தும்' ஆசை. தம் தடுமாற்றங்கள் வெளியே தெரியக்கூடாதென்று, நூறு பதிவுகளை ஒன்றாக அழுத்தி, பழைய வரலாற்றின் மேல் புதியதை வலிந்து ஏற்றிவிடுகிறார்கள். தன் மேசையில் இருக்கும் வரை ஒருவர் எழுதி எழுதிக் கிழிக்கலாம். பொதுவில் வைத்தபின், அதை நம்பிப் பிறர் வேலை தொடங்கியபின், அவ்வாறு செய்வது வரலாற்றைத் திரிப்பதாகும்.

வரலாற்றுப் பதிவு இருந்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்கு மென்பொருளில் கள்ளவழி வைக்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் பங்களித்து நம்பிக்கையைப் பெற்று இதைச் செய்திருந்தார். நஞ்சு, சோதனைக் கோப்புகளின் உருவில் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிவைத்த பொதியில் மட்டுமே இருந்தன. ஆந்திரேஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைகணினியில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயப்பட்டுத் தோண்டியதால் அது பிடிபட்டது. களஞ்சியமும் பொதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. பதிவு மட்டும் போதாது, படிக்கிறவரும் வேண்டும். படிக்கிறவர் இருந்தாலும் பதிவு இல்லையென்றால் அவர் எதைப் படிப்பார்?

எனவே மின்னுரை செய்கிற நண்பர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். அச்சுநூலின் பக்கப் படங்களை முதலில் வையுங்கள். நூலில் உள்ளதை உள்ளபடி, பிழை என்று நீங்கள் கருதுவது உட்பட, முதற்பதிவாக இடுங்கள். எழுத்துரு மாற்றம், சந்தி பிரித்தல், நிறுத்தற்குறி, பிழைதிருத்தம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாகச் செய்யுங்கள். 'திருத்தப்பட்டது' என்று எழுதாதீர்கள். எதை, எந்த ஆதாரத்தால் என்று எழுதுங்கள். நூல் முழுவதும் ஒரே சொடுக்கில் மாற்றும் முன், என்னென்ன மாறப்போகிறது என்ற பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பொதுவில் வைத்த வரலாற்றை அழிக்காதீர்கள்.

எங்கள் உரைநூலை இப்போது ஒரு களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறோம். முதற்பதிவின் குறிப்பில் நடந்ததை மறைக்காமல் எழுதினோம்: 'இது மூலம் அன்று, மூலத்தை நாங்கள் தொலைத்துவிட்டோம்.' ஐயத்துக்குரிய 'வேண்டாம்' ஒவ்வொன்றன் அருகிலும் ஓர் அடையாளம் இட்டிருக்கிறோம். அவற்றில் எவை எங்கள் கைவண்ணம், எவை ஆசிரியரே எழுதியவை என்று இனி அச்சுப்பிரதி ஒன்றுதான் சொல்ல வேண்டும். அந்த நூலின் படி வேறெங்கேனும் ஓர் அலமாரியில் இருக்கக்கூடும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் முதல் வேலையாகப் பக்கங்களைப் படமெடுப்போம். அதன்பின் ஒவ்வொரு மகரமெய்யையும் தனித்தனியே, காரணம் எழுதி, எடுப்போம்.